மார்கழியில் ஒரு தூளிப் பாட்டு

கமலக்கண்ணன் வீட்டு வெண்கலத் தாளத்துக்கு அந்தத் தெருவில் தனி மரியாதை உண்டு. மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலையில் பஜனை கோயிலிலிருந்து கோஷ்டி புறப்படும். தாளம் பிடிப்பவர் முன்னால் நடந்து அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். தாத்தா பிடித்தார், அப்பா பிடித்தார், அப்பாவுக்குப் பிறகு கமலக்கண்ணன் பிடிக்கிறார். இதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு மெட்டை எடுத்துவிட்டால் முச்சந்தி விளக்குக்கம்பம் வரைக்கும் அதை மாற்றக்கூடாது. நடுத்தெருவில் மெட்டை விடுவதும் தறியில் பாதிச் சேலையோடு பாவு நூலை அறுப்பதும் ஒன்றுதான் என்பார் அப்பா.

அந்தக் கட்டுப்பாடுதான் தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மார்கழியில் அவரை மாட்டிவிட்டது.

அன்றைக்குப் பனி அதிகம். தொண்டையைச் செருமிக்கொண்டு, தாத்தா கட்டிய நாமாவளியை எடுத்தார். வார்த்தை சரியாகத்தான் வந்தது. மெட்டுதான் வேறு எங்கிருந்தோ வந்தது. தாலாட்டுகிற மாதிரி, மும்மூன்று தட்டாக, மேலே போய் மெதுவாக இறங்குகிற மெட்டு. இரண்டாவது அடி முடிவதற்குள் அவருக்கு உறைத்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாளம் பிடித்தவர் நிறுத்தக்கூடாதே! அதற்குள் பின்னாலிருந்த வீரபாகு டோலக்கை அந்த நடைக்குத் திருப்பிவிட்டான். கோஷ்டி வாய் நிறையத் திருப்பிப் பாடியது. மூன்றாவது அடியில் நாமாவளிக்கு வார்த்தை அதிகம், மெட்டுக்கு இடம் குறைவு. வேறு வழியில்லாமல் அங்கே ஒரு இழுப்பு இழுத்து, ஊஞ்சல் மாதிரி ஆட்டி இறக்கினார். அதையும் அப்படியே பாடினார்கள்.

முச்சந்தியில் நின்றபோது இராஜமாணிக்கம் பக்கத்தில் வந்தார். கோஷ்டியில் கமலக்கண்ணனுக்கு அடுத்த குரல் அவருடையது.

"இன்னாண்ணா மெட்டு இது? இத்தினி வருசத்துல நீ எடுத்து நான் கேட்டதே இல்லியே."

கோலம் போட்டுக்கொண்டிருந்த சாவித்திரியும் நிமிர்ந்து பார்த்தாள். "தூளில போட்டு ஆட்டறாப்போல கீதுண்ணா. எம்மாம் நல்லா கீது!"

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"எங்கப்பா மெட்டு" என்றார் கமலக்கண்ணன்.

அந்த மெட்டு அவருடைய அப்பாவுடையது இல்லை. தொழுவத்தில் பிறந்த குழந்தையைத் தூங்கச் சொல்லிக் கிறிஸ்தவர்கள் பாடுகிற பழைய கிறிஸ்துமஸ் பாட்டு அது. அதை அவர் கற்றது வேலூரில், மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படித்த சின்ன வயசில். குரல் நன்றாக இருந்ததால் பாட்டு வாத்தியார் அவரைக் கொயர் பாட்டுக்குழுவில் இரண்டாம் வரிசையில் நிறுத்தினார். முன்வரிசை பாட்டைப் பாடும். இரண்டாம் வரிசை அதற்குக் கீழே, கூடவே, ஆனால் வேறு வழியில் போகும். அந்த இரண்டாம் குரலைத் தனியாகப் பாடினால் அது பாட்டாகவே இருக்காது. யாரோ எதையோ மறந்துவிட்டு முனகுவது போலிருக்கும். மேலே இன்னொருவர் பாடினால்தான் அதற்கு அர்த்தம். அப்படிப் பாடிய முதல் கிறிஸ்துமசின்போது தறிக்குப் பட்டுநூல் வாங்கப் போயிருந்த அப்பா, மகனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பள்ளிக்கூடத்துக்குள் வந்தார். வெள்ளை அங்கி போட்டு நின்ற பிள்ளையைப் பார்த்தார். திட்டவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றினார். ஊர் வந்து ஆரணியில் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நம்ம ஊட்டு நாக்குல வேற ஊட்டுப் பாட்டு வேணாம்."

படிப்பு அதோடு நின்றது. கமலக்கண்ணன் அந்தப் பேச்சை மீறவில்லை. ஒரு நாளும் வாய்விட்டுப் பாடவில்லை. ஆனால் சென்னைக் கடைகளுக்குச் சேலை கொண்டுபோகும்போதெல்லாம், டிசம்பர் மாதத்தில், கேசட் கடைகளில் நின்று அந்த ஒரே பாட்டை யார் யார் எப்படிப் பாடியிருக்கிறார்கள் என்று தேடி வாங்கினார். சாக்ஸபோனில் வாசித்தது ஒன்று இருந்தது. இழைந்து இழைந்து எல்லா இடத்தையும் அதுவே அடைத்துக்கொள்ளும். வீணையில் ஒன்று, கமகம் வழுக்கிக்கொண்டே போவதால் கீழே கால் ஊன்ற இடம் இருக்காது. கீபோர்டும் டிரம்மும் வைத்துச் சினிமாப் பாட்டு மாதிரி ஓட்டியது ஒன்று; அது துரத்தும். நெல்லைப் பக்கத்துக் கிழவர் ஒருவர் ஆர்மோனியப் பெட்டியோடு பாடியது எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது. ஆனால் அவரும் மூன்றாவது அடியில் மூச்சு வாங்க நிறுத்திவிடுவார். மகன் கோபிநாத் பெங்களூர் வேலைக்குப் போனபோது விட்டுப்போன வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு, பட்டுநூல் அறையில் கதவைச் சாத்தி, ஒவ்வொரு கேசட்டுக்கும் அடியில் தன் இரண்டாம் குரலை முணுமுணுத்துப் பார்ப்பார். எதிலும் அது சரியாக உட்காரவில்லை.

மனைவி தேவகிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த அறைக்கு வெளியே காப்பித் தம்ளரை வைத்துவிட்டு, வைத்த சத்தம் மட்டும் கேட்கும்படி செய்துவிட்டுப் போவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு, மறைப்பதற்குக்கூட அந்த வீட்டில் ஓர் ஆள் இல்லை.

இதெல்லாம் அந்த ஒரு பொய்க்கு முன்னால் இருந்த கதை. பொய் சொன்ன பிறகு நடந்தது வேறு. மறுநாள் விடிகாலையில் அவர் பழைய மெட்டை எடுத்தார். முச்சந்தியில் வீரபாகு டோலக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "இன்னாண்ணா, ஜல்தியா அந்தப் பெரியவர் மெட்ட எடு. இந்தக் குளிருக்கு அதான் இதமா கீது" என்றான். எடுத்தார். அடுத்த நாளும் கேட்டார்கள். தூக்கம் விட்டு வராதவர்களெல்லாம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். தறிக்குழியில் கால் வைத்தபடி அதையே பாடிக்கொண்டு நெய்தார்கள். "நம்ம பெரியவர் இன்னா மூளடா, இத்தினி நாளா உள்ளயே வெச்சிகினு இருந்துக்கீறாரு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். செத்துப்போன அப்பாவின் பேர் தெருவில் மறுபடி நடந்தது, அதுவும் அவர் வேண்டாமென்று பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்த பாட்டின் மேல் ஏறி. அதை நினைத்தால் கமலக்கண்ணனுக்குக் கூசியது. ஆனால் தான் ஓர் அடி எடுத்தால் ஒரு தெருவே அதைத் திருப்பிச் சொல்கிறது என்ற சந்தோஷம் அந்தக் கூச்சத்தை அமுக்கிவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு அந்தப் பாட்டை அவர் மனிதர்களோடு சேர்ந்து பாடுவது இதுதான் முதல் தடவை.

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரம். சாவித்திரி வீட்டு மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த நர்ஸம்மாவைப் பார்க்கக் கேரல் கோஷ்டி ஒன்று தெருவுக்குள் வந்தது. அந்தத் தெருவுக்கு அவர்கள் வருவது அதுதான் முதல் முறை. முன்னால் காகித நட்சத்திர விளக்கு, முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா, ஒரு டிரம், கிட்டாரோடு ஞானசிகாமணி வாத்தியார், பின்னால் சர்ச் பெண்களும் பிள்ளைகளும். வாசலில் நின்று இரண்டு பாட்டுப் பாடினார்கள். தெரு வேடிக்கை பார்த்தது. மூன்றாவதாக அந்தத் தூளிப் பாட்டை எடுத்தார்கள்.

முதல் அடியிலேயே தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"இன்னாடா இது, நம்ம மெட்டு!" என்று வீரபாகு உள்ளேயிருந்து வந்தான். முதலில் சிரித்துக்கொண்டுதான் வந்தான். "யோவ் வாத்தியாரே, எங்க பெரியவர் மெட்ட எங்க சுட்டீங்க?"

வாத்தியாரும் சிரித்தார். "யாரு பெரியவருங்க? இது எங்க பாட்டன் காலத்துலருந்து சர்ச்ல பாடற பாட்டுங்க."

"அத எங்காண்ட சொல்லாத. காலைல இதே மெட்டுல பஜனை பண்ணிகினு வந்தோம். மாடியில அந்தம்மா கேட்டிருக்கும், வந்து சொல்லியிருக்கும். வந்த ரெண்டே நாள்ல புடிச்சிகினீங்க."

"அய்ய, நான் எதுக்குங்க சொல்லப்போறேன்?" என்று மாடியிலிருந்து நர்ஸம்மா குரல் கொடுத்தாள். "எனக்குத் தெரிஞ்ச பாட்டுதான் இது. நானே ஆச்சரியமா கேட்டுகினு இருந்தேன்."

"பாத்தியா, கேட்டுகினு இருந்துச்சாம்!"

நாலு பேர் கூடினார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. வீரபாகு டிரம்மின் மேல் கையை வைத்துக்கொண்டான். "செத்துப்போன மனுசன் சொத்துய்யா இது. உட்டுட்டு வேற பாடு" என்றான். பிள்ளைகள் வாத்தியாருக்குப் பின்னால் ஒதுங்கின. முகமூடியைக் கழற்றிய கிறிஸ்துமஸ் தாத்தா மீசை அரும்பிய பையனாக விழித்தான்.

இராஜமாணிக்கம்தான் கையை உயர்த்தினார். "சும்மா கத்தாதீங்க. அண்ணன் அதோ நிக்கிறாரு. அவரு சொல்லட்டும்."

கமலக்கண்ணன் தன் வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். தெரு மொத்தமும் திரும்பியது.

ஞானசிகாமணி வாத்தியார் கிட்டாரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு கைகூப்பினார். "ஐயா, பேஜார் வேணாங்க. நீங்க பெரியவங்க. உங்க வீட்டு மெட்டுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நாங்க பாடாம போயிடறோம். பிள்ளைங்க பயப்படுதுங்க."

ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தையை அவர் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியும் இருக்கிறார். இன்னொரு தடவை சொன்னால் அப்பாவின் பேர் நிற்கும், தாளம் கையில் நிற்கும், நாளைக் காலையில் தெரு அவர் பின்னால் வரும். இந்த வாத்தியார் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, தன் பாட்டையே திருடியவர் என்ற பேரோடு தெருமுனை வரை நடந்து போக வேண்டியிருக்கும்.

கமலக்கண்ணன் படியிறங்கி வந்தார். முதுகு வளையவில்லை.

"நீங்க பாடுங்க வாத்தியாரே. ரெண்டாவது சரணத்துலருந்து."

வாத்தியார் புரியாமல் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிப் பாடினார். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கமலக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கீழே நுழைந்தார். அவர்கள் மேலே போனபோது அவர் போகவில்லை. அவர்கள் இறங்கியபோது வேறொரு பக்கமாக ஏறி, நடுவில் சந்தித்து, மறுபடி பிரிந்தார். நாமாவளி வார்த்தைகள் இல்லை, அந்தப் பாட்டின் சொந்த வார்த்தைகள், ஒன்று விடாமல். வாத்தியாரின் கண்கள் விரிந்தன. கொயரில் நிற்காத ஒருவனுக்கு அந்த வழி தெரிய வாய்ப்பே இல்லை. இசை தெரியாத வீரபாகுவுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். டிரம்மின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டான்.

பாட்டு முடிந்தது.

"எங்கப்பா மெட்டு இல்ல" என்றார் கமலக்கண்ணன், கூட்டத்தைப் பார்த்து. "இவங்க பாட்டுதான். சின்ன வயசுல நான் கத்துகினது. எங்கப்பாவுக்கு இது ஆகாது. அவரு பேர நான் சொன்னது பொய்."

சாவித்திரிதான் முதலில் பேசினாள். "போவட்டும்ணா. பெருமாளுக்குக் கேக்க நல்லாத்தான இருந்துச்சி." யாரும் சிரிக்கவில்லை.

"அத மொதல் நாளே சொல்லியிருந்தா இன்னா?" என்றான் வீரபாகு. "நாங்க ஊரெல்லாம் பெரியவரு பெரியவருன்னு பீத்திகினு திரிஞ்சோம்." சொல்லிவிட்டு உள்ளே போனான். ஒவ்வொருவராகப் போனார்கள். தறிகள் மறுபடி அடிக்கத் தொடங்கின. வாத்தியார் மட்டும் அவர் கையைப் பிடித்து, "எந்த சர்ச்ல செகண்ட் பாடினீங்க ஐயா?" என்று கேட்டார். கமலக்கண்ணன் தலையை ஆட்டிக் கையை விடுவித்துக்கொண்டார்.

விளக்கு வைத்த கையோடு தாளத்தைத் துடைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, இராஜமாணிக்கத்தின் வீட்டுக்குப் போனார்.

"இன்னாண்ணா இது? யாரும் கேக்கலியே" என்று இராஜமாணிக்கம் எழுந்து நின்றார்.

"கேக்கறதுக்கு முன்ன குடுக்கணும். அதான் எங்க ஊட்டு மரியாத."

"நீயும் காலைல வந்துடுண்ணா. கூட நடந்து வா."

"முன்னால போன காலு பின்னால வராதுப்பா."

சொன்னபோது கம்பீரமாகத்தான் இருந்தது. திரும்பி நடந்து வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே சத்தமே இல்லை.

விடிகாலையில் வழக்கம்போல விழிப்பு வந்துவிட்டது. குளித்து, நாமம் இட்டு, எங்கேயும் போக வேண்டியிராமல் கூடத்தில் உட்கார்ந்தார். தூரத்தில் தாளம் கேட்டது. இராஜமாணிக்கத்தின் கை கொஞ்சம் கனம். பழைய மெட்டோடு கோஷ்டி வந்தது. எப்போதும் அவர் வாசலில் ஒரு நிமிஷம் நின்று போவது வழக்கம். அவருக்கு எழுந்து கதவருகே போகக் கால் துடித்தது. கோஷ்டி நிற்காமல் போனது. முச்சந்தியில் தாளம் ஓய்ந்தது. யாரோ இருமினார்கள். ஏதோ பேச்சு நடந்தது, வார்த்தை பிடிபடவில்லை. வீரபாகுவின் குரல் மட்டும் உயர்ந்து தாழ்ந்தது.

பிறகு மும்மூன்று தட்டாக டோலக்கு விழுந்தது.

அதே மெட்டு. இராஜமாணிக்கம் எடுத்துக் கொடுக்கிறார், கோஷ்டி திருப்பிப் பாடுகிறது. கமலக்கண்ணன் பட்டுநூல் அறைக்குப் போய் அங்கே கிடந்த பழைய டேப்ரிகார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜன்னலை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து, வெறும் கேசட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினார். தூரம் அதிகம். நாய் குரைத்தது, களம்பூர்ப் பக்கம் போகிற லாரி ஒன்று ஹாரன் அடித்தது. எல்லாம் பதிந்தது. அடுத்த தெருவில் சத்தம் தேய்ந்து மறையும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

ஜன்னலைச் சாத்திவிட்டுப் போட்டுக் கேட்டார். சாக்ஸபோனின் இனிமை இல்லை, வீணையின் நேர்த்தி இல்லை, பாதிப் பேர் சுருதியிலேயே இல்லை. மூன்றாவது அடி வந்தது. அவர் தடுமாறிப்போய் இழுத்த அந்த இழுப்பை அவர்கள் அப்படியே இழுத்து, ஊஞ்சலாட்டி, சாவகாசமாக இறக்கினார்கள். அதற்கடியில் ஒரு குரலுக்கு இடம் இருந்தது.

கேசட்டை முதலுக்குச் சுற்றினார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோஷ்டி பாடத் தொடங்கியதும், இந்தத் தடவை வாய்விட்டு, ஆளில்லாத வீட்டில் தன் இரண்டாம் குரலைப் பாடினார்.