மஞ்சள் கோட்டுக்குள் கை

என் புருஷன் வேலைக்கு உலை வைத்தவள் நான்தான். இதை யாரும் கண்டுபிடித்து என்னிடம் சொல்லவில்லை, நானேதான் கண்டுபிடித்தேன். அதற்குள் பத்தில் ஆறு சிவப்பு விழுந்துவிட்டது.

அவர் பெயர் குப்புராஜ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஆபரேட்டர். தகட்டை உள்ளே வைத்து பட்டனை அழுத்தினால் மேலிருந்து நூறு டன் இறங்கி அதை வளைக்கும். நடுவில் கை மாட்டினால் கையும் போய்விடும். எட்டு வருஷமாகக் கான்ட்ராக்டில்தான் அதை ஓட்டுகிறார். வருகிற ஏப்ரலில் நாற்பது பேரை பர்மனென்ட் ஆக்கப்போவதாக டிசம்பரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதில் இருபத்தேழாவது பெயர் அவருடையது. அன்றைக்குக் கவரைப்பேட்டையில் பிரியாணி வாங்கிக்கொண்டு வந்தவர், பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்று சிரித்தார். "இனிமே மாசாமாசம் கான்ட்ராக்டர் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்க வேணாம்மே" என்றார். எட்டு வருஷத்தில் அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பட்டியலோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் மேலே கேமரா மாட்டியிருந்தார்கள். ஆள் யாரும் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை, கம்ப்யூட்டரே பார்க்கும், ஏஐயாம். பாதுகாப்பு விதியை மீறினால் அந்த ஆள் பெயரில் ஒரு சிவப்பு. பத்து சிவப்பு விழுந்தால் பட்டியலிலிருந்து பெயர் போகும், கேட் பாஸும் போகும். சிவப்பு விழுந்த நேரம் மட்டும் போனில் வரும். இன்ன தப்பு செய்தாய் என்று அந்தச் சனியன் சொல்லாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் நான் பொன்னேரியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் வேலை பார்த்தேன். முப்பது பெண்கள், முப்பது கம்ப்யூட்டர். ஆறு செகண்ட் வீடியோ ஒவ்வொன்றாக வரும். எல்லாம் ஏதோ கம்பெனியில் ஆட்கள் வேலை செய்கிற வீடியோ, முகத்தை மட்டும் மங்கலாக்கியிருப்பார்கள். கீழே நாலு பட்டன்: வேலை, சும்மா, விதிமீறல், தெரியவில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்கக்கூடாது, புருஷனிடம்கூடப் பேசக்கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நாங்கள் அழுத்துவதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறது என்று எங்கள் டீம் லீடர் பிரின்சி சொன்னாள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு நாள் ஒரு வீடியோ வந்தது. ஷிஃப்ட் ஆரம்பம், மெஷின் இன்னும் ஓடவில்லை. ஓர் ஆள் குனிந்து, மெஷினின் அடித்தட்டை வலது கையால் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, பிறகு சுவிட்ச் போட்டான். அடுத்த வீடியோவில் இன்னொருவன், அதையே செய்தான். இது யாருக்குத் தெரியாது? பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடவில்லையா? தையல்காரர் மெஷினைக் கும்பிடவில்லையா?

"பிரின்சி, இவன் கும்புடறான். இதுக்கு இன்னா பட்டன்?" என்று கேட்டேன்.

"கும்புடறதுக்கெல்லாம் பட்டன் கெடையாதுடி. மேல கேட்டு சொல்றேன்."

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மெஷினைச் சுற்றிப் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டிக் கை போனால் விதிமீறல், மற்றதை யோசிக்க வேண்டாம். 'தெரியவில்லை' என்று போட்டுத் தப்பிக்கலாமென்றால் அதை நூற்றுக்கு இரண்டுக்கு மேல் அழுத்தினால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். எனவே விதிமீறல் என்று அழுத்தினேன். அதோடு விட்டேனா? புதிதாகச் சேர்ந்த பெண்கள் கோடு எங்கே, கை எங்கே என்று தடுமாறியபோது, "கோட்டையெல்லாம் தேடிக்கினு இருக்காத. தொட்டு கண்ல ஒத்திக்கினா விதிமீறல். அழுத்திக்கினே போ" என்று குறுக்கு வழியும் சொல்லிக்கொடுத்தேன். அந்த மாதம் வேகத்தில் எங்கள் வரிசைதான் முதலில் வந்தது. டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள், பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன்.

ஜனவரியில் அவருக்கு சிவப்பு விழ ஆரம்பித்தது. என்ன தப்பென்று தெரியாமல் மனுஷன் தவித்துப்போனார். புது ஷூ வாங்கினார். ஹெல்மெட் பட்டையை இறுக்கி இறுக்கித் தாடையில் தழும்பே வந்தது. ஒரு காலையில் நாஷ்டாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பேஜாராக்கீதுமே. நான் இன்னா பண்றேன்னே தெர்ல. ஆறாச்சு" என்று போனை நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். 6.02. 6.01. 6.03. 6.02. 6.01. 6.02. ஆறும் ஆறு மணி ஷிஃப்ட் தொடங்குகிற நேரம். மாடியில் பார்த்த வீடியோ ஞாபகம் வந்தது.

"மாமா, காலையில மெஷினத் தொட்டுக் கும்புடறியா?"

"ஆமா. கும்புடாம எவனாவது கை வைப்பானா?"

"இனிமே வேணாம்."

"இன்னா பேச்சுமே இது? பக்கத்து மெஷின்காரனுக்கு ரெண்டு விரலு போச்சு. எனக்குப் பத்தும் கீதுன்னா சும்மாவா?"

"கேமராவுக்கு அது புரியாது மாமா. உள்ள கை வுட்டன்னுதான் எடுத்துக்கும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேள்விப்பட்டேன்" என்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் பயமாக இருந்தது.

என் பேச்சைக் கேட்டு முயற்சி செய்தார், பாவம். மணிக்கட்டில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு போனார், ஞாபகம் வரட்டும் என்று. நாலு நாள் ஒன்றும் விழவில்லை. ஐந்தாம் நாள் விழுந்தது. "கை தானாப் போயிடுச்சுமே" என்றார். அடுத்த வாரம் எட்டாவதும் அப்படியே. அதன் பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு தூண் இருக்கிறதாம், அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் மெஷினைத் தொட்ட மாதிரிதானே என்றார். தொட்டார், ஒன்பதாவது சிவப்பு விழுந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது. அந்தக் கம்ப்யூட்டர் மஞ்சள் கோட்டைப் பார்க்கவேயில்லை. நான் புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த குறுக்கு வழியைத்தான் அதுவும் கற்றுக்கொண்டிருக்கிறது.

அதன் பிறகு அவர் கும்பிடுவதையே விட்டுவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய் சுவிட்ச் போட்டாராம். பத்தாவது சிவப்பு 11.40க்கு விழுந்தது. அந்த நேரத்தில் என்ன செய்தாய் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கண்ணுல வேர்வ எறங்குச்சு. தொடச்சேன்" என்றார்.

மறுநாள் அவரோடு நானும் கம்பெனிக்குப் போனேன். ஹெச்.ஆரில் ரகு என்று ஒருவர். கெட்டவர் இல்லை, எங்களுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"சிஸ்டம் தொண்ணூத்தெட்டு பர்சன்ட் கரெக்ட்டுனு டெஸ்ட் பண்ணிதாம்மா குடுத்திருக்காங்க" என்றார்.

"நாங்க அழுத்துனதையே அது திருப்பிச் சொல்லுது சார். அப்போ கரெக்ட்டாத்தான் இருக்கும்."

"நாங்கன்னா?"

பக்கத்தில் என் புருஷன் உட்கார்ந்திருக்கிறார். மடியில் கையைக் கோத்துக்கொண்டு, கேஸ் விசாரணைக்கு வந்தவர் மாதிரி. நான் அவர் பக்கம் திரும்பாமல் சொன்னேன். "பொன்னேரியில நான்தான் சார் இந்த வீடியோவுக்கெல்லாம் பட்டன் அழுத்துனேன். தொட்டு கண்ல ஒத்திக்கினா தப்புன்னு நான்தான் போட்டேன். மத்த பொண்ணுங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். இவர் தப்பு பண்ணல. தப்பு என்னுது."

ரகு கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் பார்த்தார். "ஆமாம்மா, எங்க பிளான்ட் வீடியோதான் பொன்னேரிக்குப் போச்சு" என்றார். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை படித்தார்.

"மேல அனுப்பறேன். ஆனா பொய் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனசு வரல. சிவப்ப எடுக்கிற அதிகாரம் இங்க யாருக்கும் கெடையாது. பேர் நேத்தே போயிடுச்சு. சிப்காட்ல பாதி கம்பெனில இதே சிஸ்டம்தான், அங்க போனாலும் இந்த ரெக்கார்டு வரும்."

"அப்போ நான் எழுதுனது எதுக்கு சார்?" என்று கத்திவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரகு தலையைக் குனிந்துகொண்டார். என் புருஷன்தான் என் தோளைத் தொட்டு, "எழுந்திரு, போலாம்" என்றார்.

கேட்டில் பாஸை வாங்கிக்கொண்டார்கள். வெளியே லாரிகள் வரிசையாக நின்றிருந்தன, நல்ல வெயில். ஷேர் ஆட்டோ வருகிற இடத்துக்கு அவர் முன்னால் நடந்தார். திட்டினால் தேவலை, ஓர் அறை விட்டால்கூடத் தேவலை என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

அங்கே நின்றதும் கேட்டார். "வீடியோவுல மூஞ்சி தெரியுமா?"

"தெரியாது மாமா. மறைச்சிடுவாங்க."

"கை?"

"கை தெரியும்."

அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "என் கை தெர்லியாமே உனக்கு?"

எத்தனை ஆயிரம் கை பார்த்திருப்பேன் அந்த மாடியில். அதில் அவருடையது இருந்திருக்கும். ஒரு முறை இல்லை, நூறு முறை வந்திருக்கும், நூறு முறையும் அழுத்தியிருப்பேன். ஒரு தடவைகூட என் கை தயங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"தெர்ல மாமா" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஆட்டோ வந்தது. பின்சீட்டில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. நான் ஏறி நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார்.