ஆள் தெரியக் கூடாது

ஊரார் வீட்டையெல்லாம் விக்கிறதுக்குப் படம் எடுத்துக் குடுத்த ட்ரோன்காரருக்கு, கடைசியில சொந்த வீட்டையே விக்க வேண்டிய நிலைமை வந்துச்சு. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகல. கல்லு மாதிரி இருந்த மனுஷி, காய்ச்சல்னு படுத்தவ எந்திரிக்கவே இல்ல. மக வேற ஊர்ல இருக்கா. "தனியா அங்க கிடந்து என்ன பண்ணப் போறீங்க, எங்கூட வந்துடுங்கப்பா"ன்னு ஒத்தக் கால்ல நின்னா. இவரும் சரின்னுட்டாரு.

கிளம்புறதுக்கு முன்னால மக ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"அம்மா நடமாடுற மாதிரி ஒரு வீடியோ தேடிக் குடுங்கப்பா. போட்டோ நிறைய இருக்கு, எல்லாத்துலயும் கம்பு மாதிரி நிக்கிறாங்க. அம்மா எப்படி நடப்பாங்கன்னு எனக்கே மறந்துடுமோன்னு பயமா இருக்கு."

"இதென்னம்மா பெரிய விஷயம், உங்கப்பன் தொழிலே அதுதானே"ன்னு சொல்லிட்டு போனை வச்சாரு.

சொல்லிட்டாரே ஒழிய, தேட உக்காந்தப்பதான் நினைப்பு வந்துச்சு. போனைத் தூக்கினாலே முந்தானையால மூஞ்சியை மூடிக்கிற ஆளு அவ. "அழுக்குப் புடவையில இருக்கேன், போங்க அந்தப் பக்கம்"பா. இருந்தாலும் மொட்டைமாடி வீடியோ இருக்கேன்னு மனசைத் தேத்திக்கிட்டாரு. தினமும் காலையில ட்ரோனை மாடியிலேர்ந்து பறக்கவிட்டுப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போவாரு. தண்ணித் தொட்டி மூலையில நின்னுக்கிட்டு, தலையைக் குனிஞ்சு கையில இருக்கிற திரையையே பாத்துக்கிட்டிருப்பாரு. அவளும் அந்த நேரத்துலதான் துணி காயப்போட வருவா. வந்து வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டா.

"ஆரம்பிச்சாச்சா? அதைத் துடைக்கிறதென்ன, தடவுறதென்ன. உங்க சின்னவீட்டுக்கு இருக்கிற யோகம் எனக்கு இல்லப்பா."

அத்தனை வருஷத்துப் படத்தையும் ஒண்ணு விடாம ஓட்டிப் பாத்தாரு. மாடி இருக்கு, கொடி இருக்கு. நடு மாடியில வாளி இருக்கு, அதுல பிழிஞ்ச துணி இருக்கு. ஒரு சட்டை ஒரு தோள்ல மட்டும் கிளிப்பு மாட்டித் தொங்குது. மாட்டினவளைக் காணோம். ஒவ்வொண்ணுலயும் இதே கதைதான்.

ஏன்னு அவருக்குத் தெரியாதா என்ன? நல்லாத் தெரியும்.

தொழிலுக்கு வந்த புதுசுல, சாம்பிளுக்குன்னு தன் வீட்டையே படம் எடுத்துக்கிட்டுப் போய் ஒரு புரோக்கர்கிட்ட காட்டினாரு. புரோக்கர் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினாரு. "நடுவுல யாரோ ஒரு அம்மா வாளியோட போறாங்களே. வீடு விக்கிற படத்துல ஆள் தெரியக் கூடாதுய்யா. ஆள் தெரிஞ்சா, வாங்க வர்றவனுக்கு அது அடுத்தவன் வீடாத்தான் தெரியும். யாருமில்லைன்னாத்தான் தன் வீடா நினைச்சுப் பாப்பான்."

அந்த வேலை கிடைக்கல. வீட்டுக்கு வந்து அவமேல எரிஞ்சு விழுந்தாரு. "உன்னாலதான் போச்சு. வாளியைத் தூக்கிக்கிட்டு அங்கதான் வந்து நிக்கணுமா? ட்ரோன் சத்தம் கேட்டா ஒதுங்கிப் போகத் தெரியாது?"

அவ அன்னையிலேர்ந்து ட்ரோன் சத்தம் கேட்டுச்சுன்னா போதும், கையில இருக்கிற துணியை அப்படியே போட்டுட்டு மாடிப்படிக் கூண்டுக்குள்ள போய்க் கதவை ஒருக்களிச்சு வச்சுக்குவா. ஆரம்பத்துல எப்பவாவது புடவை நுனியோ, காலோ ஓரத்துல மாட்டும். அதையும் இந்த மனுஷன் விட்டு வைக்கல. உக்காந்து வெட்டி வெட்டி அழிச்சாரு. அவ்வளவு சுத்தமான வேலைக்காரர்.

மக ரெண்டு தடவை போன் பண்ணிட்டா. "தேடிக்கிட்டிருக்கேம்மா"ன்னாரு. வேற என்னத்தைச் சொல்வாரு?

இதுக்குள்ள வீட்டைப் படம் எடுக்கிற நாளும் வந்துச்சு. அதே புரோக்கர்தான் வந்தாரு. இத்தனை வருஷப் பழக்கத்துல இப்ப அண்ணன் தம்பி மாதிரி ஆயிட்டாங்க.

"அண்ணே, வீட்டைச் சுத்தி ஒரு ரவுண்டு முழுசா வரணும். கொடியெல்லாம் அவுத்துடுங்க. தெருவுல கம்பி, மரம்னு கிடக்கு, மாடியிலேர்ந்துதான் விடணும்."

கொடியை இவரே அவுத்தாரு. கயித்துல ரெண்டு கிளிப்பு இன்னும் இருந்துச்சு, அதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. ட்ரோனைக் கிளப்பி மேல ஏத்திட்டு வழக்கம்போல தொட்டி மூலைக்குப் போனாரு.

"அங்க நிக்காதீங்கண்ணே. சுத்தி வர்றப்ப நீங்க படத்துல விழுந்துடுவீங்க. கூண்டுக்குள்ள வாங்க"ன்னு புரோக்கர் படியில நின்னுக்கிட்டுக் கூப்பிட்டாரு.

இவரும் உள்ள வந்தாரு. கதவுக்குப் பின்னால ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடந்துச்சு. முழங்கால் வலிக்கு அவ வாங்கிப் போட்டுக்கிட்டது. கதவை ஒருக்களிச்சுட்டு அதுலயே உக்காந்தாரு. மேல ட்ரோன் ஒழுங்கா ரவுண்டு போச்சு. சத்தம் நல்லாக் கேட்டுச்சு. அது எங்க இருக்குன்னு பாக்கலாம்னு தலையை நிமிர்த்திக் கதவு இடுக்கு வழியாப் பாத்தாரு.

வானம் தெரியல. ட்ரோனும் தெரியல. கழுத்தை இப்படி அப்படித் திருப்பிப் பாத்தாரு. அந்த முக்காலியில உக்காந்தா அந்த இடுக்குல தெரியறது ஒரே ஒரு இடம்தான். தண்ணித் தொட்டி மூலை. அவர் நிக்கிற இடம்.

பாவி மனுஷனுக்கு அப்பதான் உறைச்சுது. திட்டினதுக்குப் பயந்து அவ ஒளிஞ்சிருந்தான்னுல்ல இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தாரு. அவ வலிக்கிற முழங்காலோட முக்காலியைப் போட்டு உக்காந்து, தினமும் இவரைப் பாத்துக்கிட்டிருந்திருக்கா. இவர் ஒரு நாளாவது திரையிலேர்ந்து தலையைத் தூக்கி இந்தப் பக்கம் திரும்பியிருந்தா, கண்ணு கண்ணைப் பாத்திருக்கும்.

பின்னால புரோக்கர் எட்டித் திரையைப் பாத்தாரு. "அருமைண்ணே. ஒரு ஈ, காக்கா இல்ல. சுத்தமா இருக்கு."

ஆமா, அந்த மாடியில யாருமே இல்ல. பாக்கிறதுக்கு அடுத்தவன் வீடு மாதிரிதான் இருந்துச்சு.

ட்ரோன் தானா வந்து நடு மாடியில, எப்பவும் வாளி இருந்த இடத்துல இறங்கி நின்னுச்சு. புரோக்கர் அதைப் பத்திரமா எடுத்துக்கிட்டு வந்து, "கீழ போலாமாண்ணே"ன்னாரு.

"நீங்க போங்க, இதோ வர்றேன்"ன்னாரு. பையில போன் அடிச்சுது, மகதான். எடுக்கல. தொட்டி மூலையையே பாத்துக்கிட்டு அந்த முக்காலியில உக்காந்திருந்தாரு.