உடன்பிறந்தவருக்கு முன்னுரிமை

“இன்னொரு தடவை படி,” என்றார் அப்பா.

பெரியவள் கைபேசியில் வந்திருந்த செய்தியை மறுபடியும் படித்தாள். ஆறாம் வகுப்புக் குலுக்கலில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒன்றாம் வகுப்புக் குலுக்கலில் தம்பிக்குக் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் அவனுக்கு நாற்பத்து மூன்றாவது இடம். மூன்றாம் முறை படித்தபோதும் செய்தி அப்படியேதான் இருந்தது.

கைக்குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள். “பேரு கீரு மாறி வந்திருக்குமோ?”

“மாறலம்மா. என் பேருதான் போட்டிருக்கு.”

ஊரே அடித்துப் பிடித்துக்கொள்ளும் பள்ளிக்கூடத்தில் பதினோரு வயதுப் பெண்ணுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் யாரோ வழுக்கி விழுந்துவிட்ட மாதிரி எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவராவது அவள் முதுகில் தட்டிக் கொடுத்திருக்கலாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த நேரத்தில் அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். உயர உயரமாகக் கட்டடம் எழும்பும் இந்த நகரத்துக்குக் கம்பெனி அவரை மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. பாதி சாமான் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு, பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்றால் ஆறு வயதுப் பையனுக்குப் பள்ளிக்கூடம் என்று அர்த்தம். அதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

மூன்று தனியார் பள்ளிகளுக்கு ஏறி இறங்கினார்கள். முதல் பள்ளியில் கட்டடத்தைவிடச் சுவரில் மாட்டியிருந்த கட்டடத்தின் படம் பெரிதாக இருந்தது. இரண்டாவதில் பையனை விட்டுவிட்டு அப்பாவிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர் என்ன சொல்லுவார், தண்ணீர் குடிக்க எழுந்துபோனார். மூன்றாவதில் ஒன்றாம் வகுப்புக்கே கழுத்தில் டை உண்டு என்றதும் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. மூன்று இடத்துக்கும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரியவளும் போனாள். “சேரப்போற பிள்ளை யாரு?” என்று யாராவது கேட்டால், தம்பி முன்னால் தெரியும்படி அவளே ஒதுங்கி நின்றாள்.

பிறகுதான் குலுக்கல் பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். அரசாங்கம் பணம் கொடுக்க, ஓர் அறக்கட்டளை தன் போக்கில் நடத்தும் பள்ளி. கட்டணம் கிடையாது. டை மட்டும்தான் இல்லை, மற்றபடி தனியார் பள்ளிகள் எல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது என்று அப்பாவோடு வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். இருக்கும் இடத்தைப் போலப் பத்து மடங்கு பேர் மோதுவதால் குலுக்கிப் போட்டுத்தான் சேர்ப்பார்களாம். சரி, குலுக்கலில் வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் டை கட்டிவிடுவோம் என்று முடிவாயிற்று.

பெரியவளுக்கு எந்தப் பள்ளி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தெருமுனையில் ஒரு பள்ளி இருந்தது. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். காலைக் கூட்டத்தைப் பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதை அவளுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னால் அது பொய். அது அந்தத் தெருவில் இருந்தது, அவளும் அந்தத் தெருவில் இருந்தாள்.

அப்படியானால் அவள் பெயர் குலுக்கலுக்குள் போனது எப்படி? அதற்குக் காரணம் அப்பாவேதான். வீட்டில் எழுத்து வேலை எல்லாம் பெரியவளுடையது. தம்பியின் விண்ணப்பத்தை அவள் நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “எதையும் காலியா விட்டுடாதே பாப்பா. காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவானுங்க” என்று பத்துத் தடவை சொன்னார். லிஃப்ட் சோதனைத் தாளில் ஒரு கட்டம் விட்டுப்போனதற்காக மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். படிவத்தின் கடைசியில், ‘பள்ளி வயதில் வேறு பிள்ளைகள் இருந்தால்’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவள் தன் பெயரை எழுதினாள். ‘சேர்க்க விருப்பமா’ என்று கேட்டிருந்தது. ஆம் என்று எழுதும்போது அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கைக்குழந்தைக்கு விக்கல் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அப்பா பள்ளிக்குத் தொலைபேசி போட்டார். பெண்ணுக்கு வந்த இடத்தைப் பையனுக்கு மாற்றித் தர முடியுமா என்றுதான் முதலில் கேட்டார். வகுப்பே வேறு, அது எப்படி சார் முடியும் என்று சிரித்துவிட்டார்கள். ஆனால் ஒன்று, அக்கா சேர்ந்துவிட்டால் தம்பி பட்டியலில் மேலே ஏறிவிடுவான், உடன்பிறந்தவருக்கு முன்னுரிமை உண்டு, வருஷ ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பேர் எப்படியும் விலகுவார்கள் என்றார்கள்.

அப்பா போனை வைத்துவிட்டு வந்தபோது அவர் முகமே வேறு. “பாப்பாவைச் சேர்த்துடலாம்” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எதற்காகச் சேர்க்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? உள்ளே போய்விட்டால் போதும், அப்புறம் யார் வெளியே அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்தாள். பதினோரு வயதில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

ஏழு வாரம் படித்தாள். அந்த ஏழு வாரத்தில் அவள் பேசியதில் பாதி, “எங்க சயின்ஸ் மிஸ் சொன்னாங்க” என்றுதான் தொடங்கியது. ஒருநாள் கப்பியைப் பற்றிப் பாடம். லிஃப்ட் எப்படி மேலே போகிறது என்று மிஸ் கேட்டார். மோட்டார் இழுக்கிறது என்றார்கள் எல்லோரும். இவள் மட்டும் எழுந்து, “மோட்டார் மட்டும் இல்ல மிஸ். கயித்தோட அந்தப் பக்கத்துல ஒரு பெரிய எடை தொங்கும். அது கீழ இறங்கினாத்தான் இது சுலபமா மேல போகும். உள்ள நிக்கிறவங்களுக்கு அது கண்ணுக்கே தெரியாது” என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று மிஸ் கேட்க, “எங்கப்பா” என்றாள். ஒருநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, வகுப்பில் வந்து பேசட்டும் என்றார் மிஸ். அதைக் கேட்ட அன்று அப்பா இரண்டு தடவை கண்ணாடி பார்த்துத் தலை சீவிக்கொண்டார்.

எட்டாவது வாரம் தம்பிக்கு இடம் வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் கேக் வெட்டினார்கள். பெரியவளும் கை தட்டினாள். தம்பியைத் தினமும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகலாம், மைதானத்துப் பக்கம் இருக்கும் முயல் கூண்டைக் காட்டலாம் என்று அவளுக்கு ஏகப்பட்ட திட்டம்.

கேக் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அம்மா வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. மதியம் ஒன்றிலிருந்து சாயங்காலம் எட்டு வரை. இந்த ஊர் வாடகைக்கு ஒரு ஆள் சம்பளம் எந்த மூலைக்கு? கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். குலுக்கல் பள்ளி ஐந்து மணிக்குத்தான் விடும்.

“தெருமுனை ஸ்கூல்னா பன்னெண்டரைக்கு வந்துடுவ” என்றாள் அம்மா. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “சின்னதைப் பார்த்துக்கிட்டு, அஞ்சு மணிக்குத் தம்பியைப் போய்க் கூட்டிட்டு வந்துடலாம்.”

பெரியவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அம்மாவுக்கு நேராகத் திரும்பினாள்.

“தம்பி தெருமுனைக்குப் போகட்டுமே. ஒண்ணாங்கிளாஸ்தானே?”

“அவன் ஆம்பளப் பிள்ளடி. நாளைக்கு ஒரு குடும்பத்தைத் தாங்கணும்.”

“இப்ப நான் எதைத் தாங்குறேன்?” என்றாள் பெரியவள். அவள் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது.

அம்மா அடிக்கக் கை ஓங்குவாள் என்று பார்த்தால் அழ ஆரம்பித்தாள். அவளும் ஒரு வீட்டில் பெரியவளாகப் பிறந்தவள்தான். அந்த அழுகையில் ஒரு பங்கு தனக்காகவும் இருந்திருக்கும். அழுதாலும் அவள் முடிவு மாறவில்லை.

அப்பா குறுக்கே வந்தார். மகளின் தலையைத் தடவினார். “நீ கெட்டிக்காரி பாப்பா. உன்னை எங்க கொண்டுபோய்ப் போட்டாலும் படிச்சுருவ. அவன் மந்தம். அவனுக்குத்தான் நல்ல பள்ளிக்கூடம் வேணும்.”

பொய் சொல்லவில்லை அவர். மனமாரத்தான் சொன்னார். படிக்காத பெண் என்றால் படிப்பு எதற்கு என்பார்கள், நன்றாகப் படிக்கிற பெண் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு அவளுக்குத்தான் சாத்தப்படும். அவள் ஏழு வாரமாக வாங்கிய நல்ல பெயர் முழுவதும் அன்று அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று.

“சயின்ஸ் மிஸ் உங்களை வரச் சொன்னாங்களேப்பா” என்றாள் கடைசியாக.

“அதுக்கென்ன, தம்பி கிளாஸுக்கு வந்து பேசுறேன்” என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை அப்பாவும் மகளும் பள்ளி அலுவலகத்தில் நின்றார்கள். கம்பி போட்ட சன்னலுக்குப் பின்னால், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி விட்டுக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

அப்பா முதலில் தன் சந்தேகத்தைத்தான் கேட்டார். “மேடம், பொண்ணை நிறுத்திட்டா பையனோட சீட்டுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“சேரும்போது அக்கா இருந்தா போதும். அதுக்கப்புறம் இருக்கணும்னு ரூல் எதுவும் இல்ல.” அந்த அம்மா விலகல் படிவத்தை நீட்டினார். அப்பா அதை வாங்கி, வழக்கம் போல, மகளிடம் கொடுத்தார்.

தன்னை விலக்கும் படிவத்தை அவளே நிரப்பினாள். பெயர், வகுப்பு, சேர்ந்த நாள். கையெழுத்து மணிமணியாக இருந்தது. ‘விலகும் காரணம்’ என்ற கட்டம் வந்தபோது பேனா நின்றது. அப்பா குனிந்து பார்த்தார்.

“எதையும் காலியா விடாதே” என்றார்.

அவள் எழுதினாள்: தம்பிக்கு இடம் கிடைத்துவிட்டது.

அப்பா கையெழுத்துப் போடுவதற்காகத் தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் காது மடல் சிவந்தது. மாற்றி எழுது என்று சொல்ல வாய் எடுத்த மாதிரி இருந்தது. ஆனால் அதில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

சன்னல் அம்மா படிவத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “இப்படியெல்லாம் எழுதினா கம்ப்யூட்டர் எடுக்காதும்மா. அதுல நாலே நாலு காரணம்தான் இருக்கு. ஊர் மாற்றம், உடல்நலம், வேறு பள்ளி, மற்றவை. எதைப் போட?”

அப்பா மகளைப் பார்த்தார். மகள் பேனாவை மூடினாள்.

“மற்றவைன்னே போட்டுடுங்க மேடம்” என்றார் அப்பா.

அந்த அம்மா ஒரு பொத்தானை அழுத்தினார். அடையாள அட்டையைக் கேட்டார். பெரியவள் கழுத்திலிருந்து கழற்றி, நாடாவைச் சுற்றி, சன்னலுக்குள் வைத்தாள். ஏழு வாரமும் ஒரு நொடியில் முடிந்துபோயிற்று.

“இந்த எடம் இனி யாருக்குப் போகும்?” என்று அப்பா பேச்சுக்குக் கேட்டார். உள்ளே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

“பட்டியல்ல அடுத்து இருக்கிற பிள்ளைக்கு. இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிடுவோம்.”

“பாரேன், நம்மால ஒரு பிள்ளைக்கு நல்லது நடக்குது” என்றார் அப்பா மகளிடம். அதைச் சொன்னதில் அவருக்கு மெய்யாகவே கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

பெரியவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அது பையனா, பொண்ணா மேடம்?”

“இரு பார்க்கிறேன்.” திரையில் விரல் வைத்துத் தேடினார். “பொண்ணுதான். ஏன் கேக்குற?”

“போன் பண்ணும்போது, அவளுக்குத் தம்பி இருக்கானான்னு கேட்டுக்குங்க மேடம்.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு, வரிசையில் பின்னால் நின்றவரை முன்னே வரச் சொன்னார்.