சோபாவுக்குள் வைத்துத் தைத்த குட்டி

இருபத்திரண்டு வருடமாகக் குஷன் வேலை செய்கிறேன். நான் தைத்து அனுப்பிய சோபா ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. சும்மா பீற்றிக்கொள்ளவில்லை, எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட நான்தான் போன மாதம் பிறந்து பத்து நாளே ஆன பூனைக்குட்டி ஒன்றை உயிரோடு சோபாவுக்குள் வைத்து அடைத்து, பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு அனுப்பி வைத்தேன்.

பூனை எங்களுடையது அல்ல. ஒரு நாள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள். துணி வெட்டும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, நாங்கள் வேலை செய்வதையே கண்கொட்டாமல் பார்த்தாள். "சம்பளம் வாங்காத மேனேஜர்" என்றாள் என் நாத்தனார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை, பட்டறையில் மெஷின் தைப்பவள். அவளுக்கு வாய் குறைவு, கண் அதிகம். நான் அதற்கு நேர் எதிர்.

பிரசவத்துக்கு மேனேஜர் தேர்ந்தெடுத்த இடம், டாக்டரம்மா ரிப்பேருக்கு அனுப்பியிருந்த பழைய சோபா. அடிப்பக்கத்தை மூடும், கிழிந்திருந்த அடித்துணி வழியாக உள்ளே புகுந்து ஐந்து குட்டி போட்டுவிட்டாள். நான் உடனே மிருக டாக்டருக்குப் போன் போட்டேன்.

"ஒரு வாரத்துக்கு இடத்த மாத்தாதீங்க, குட்டிங்கள தூக்கித் தூக்கிப் பாக்காதீங்க" என்றார் அவர். "தாய்க்கு வயிறு நெறைய சாப்பாடு, பக்கத்துலயே தண்ணி. மத்தத அவ பாத்துப்பா."

சொன்னபடியே செய்தேன். ஸ்டேப்ளருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரைக்கூட, சத்தம் கேட்கக் கூடாதென்று பின்வாசலுக்குத் தள்ளிவிட்டேன். சோபா கைக்கு வர இன்னும் பத்து நாள் ஆகும் என்று டாக்டரம்மாவிடம் சொன்னபோது, "எங்கிட்ட வர்றவங்கல்லாம் நின்னுக்கிட்டிருக்காங்கம்மா" என்றார்.

"பல் வலிக்கு நின்னா என்ன, உக்காந்தா என்ன டாக்டரம்மா?"

அவர் சிரித்துவிட்டார். பத்து நாள் கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து, ஸ்டோர் ரூம் மூலையில் ஓர் அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து, குட்டிகளை அங்கே மாற்றினேன். மேனேஜர் பெட்டியைச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு உள்ளே இறங்கிப் படுத்தாள். அதன் பிறகுதான் சோபாவில் கை வைத்தோம். ஸ்பிரிங் மாற்றி, ஸ்பாஞ்ச் வைத்து, டாக்டரம்மா தேடிப் பிடித்து வாங்கித் தந்த பச்சை வெல்வெட்டைப் போர்த்தி முடித்தோம். அந்த வெல்வெட் கடையில் இருந்த கடைசித் துண்டு, அளவாகத்தான் இருந்தது.

அனுப்பவேண்டிய நாள் காலையில் வினை வந்தது. குட்டிகள் இருக்கும் இடம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். பெட்டித் துணியை மாற்றினேன், அது சரி. ஸ்டோர் ரூம் தரையைப் பினாயில் ஊற்றித் துடைத்தேன் பாருங்கள், அதுதான் கேடு. அது பூனைக்கு ஆகவே ஆகாதாம். மிருக டாக்டர் பிறகு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த நாற்றத்தில் எந்தத் தாய் பிள்ளையை வைத்துக்கொண்டு இருப்பாள்? மேனேஜர் குடிபெயரக் கிளம்பிவிட்டாள்.

அந்த நேரம் சோபா பட்டறை நடுவில் முதுகு தரையில் படச் சாய்ந்து கிடந்தது. அடித்துணி ஒன்றுதான் பாக்கி. எங்கள் வேலையில் அதுதான் எப்போதும் கடைசி. நானும் நாத்தனாரும் வாசலில் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தால், மேனேஜர் வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு சோபாவை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள்.

"நல்லா இருக்கே கதை. பாலிஷ் போட்ட சோபாவ மறுபடி ஆஸ்பத்திரி ஆக்கப் பாக்கறியா நீ?" என்று அவளைத் தூக்கி, குட்டியையும் பிடுங்கி, இரண்டையும் பெட்டியில் விட்டு ஸ்டோர் ரூம் கதவைத் தாழ் போட்டேன். பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு நினைப்பு. அவள் ஏற்கெனவே ஒரு நடை போய்விட்டு வந்திருந்தாள் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. பெட்டியில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியலாகக் கிடந்தன. நான் எண்ணவில்லை.

அடித்துணி அடிப்பதற்கு முன் உள்ளே கைவிட்டுத் துழாவுவது எங்கள் வழக்கம். கத்தரிக்கோல், சாக்பீஸ், சில சமயம் கண்ணாடிகூட உள்ளே விழுந்திருக்கும். அன்றும் துழாவினேன், உட்காரும் பகுதியில் மட்டும். சோபாவின் இரு பக்கக் கைகளும் உள்ளே காலியாக இருக்கும். கத்தரிக்கோல் கீழேதான் விழும், மேலே ஏறி அதற்குள் போகாது. அதனால் அங்கே கைவிடும் பழக்கமே எனக்குக் கிடையாது. கால் மணி நேரத்தில் சுற்றிலும் ஸ்டேப்ளர் அடித்து முடித்தேன். பத்து மணிக்குச் சோபா வண்டி ஏறியது.

கதவைத் திறந்ததும் மேனேஜர் அம்புமாதிரி வந்தாள். சோபா கிடந்த இடத்தை மோந்தாள். சுற்றிச் சுற்றி வந்து கத்தினாள். அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

"அண்ணி, இவ எதையோ தேடறா" என்றாள் நாத்தனார்.

"பழைய வீட்டத் தேடறா. நாம வீடு மாறினப்ப நீ ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கல? அந்த மாதிரிதான்."

மத்தியானமும் அவள் விடவில்லை. "சாப்பாட்டத் தொடல அண்ணி. பால் குடுக்கக்கூட படுக்க மாட்டேங்கறா."

"உனக்கு மெஷின்ல வேலையே இல்லையா?"

அவள் எழுந்து ஸ்டோர் ரூமுக்குள் போனாள். திரும்பி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"நாலுதான் இருக்கு அண்ணி."

யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, எல்லாம் அந்த நொடியே விளங்கிவிட்டது. குட்டி பால் குடிக்காமல் மூன்று மணி நேரம் ஆகிறது. டாக்டரம்மாவின் கிளினிக்கில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அதைவிட, குட்டி சோபாவின் கைக்குள்ளிருந்து நகர்ந்து ஸ்பிரிங்குகளுக்கு நடுவே வந்திருந்தால்? யாராவது பொத்தென்று வந்து உட்கார்ந்தால்?

கிளினிக்குக்குப் போன் அடித்தேன். அடித்து ஓய்ந்தது. இரண்டு கையையும் அடுத்தவர் வாயில் வைத்திருப்பவர் போனை எங்கே எடுப்பார்? வண்டிச் சாவியை எடுத்தேன்.

"மேனேஜரையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள் நாத்தனார்.

"கிளினிக்குக்குள்ள பூனையவா? உனக்குப் புத்தி கித்தி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். காலையிலிருந்து இவள் சொன்னது எல்லாமே சரியாகத்தான் இருந்தது. "சரி, கூடைய எடு. மத்த நாலுக்கும் வெந்நீர் பாட்டில்ல துணி சுத்தி வை. ரொம்ப சூடா வெச்சிடாத."

மேனேஜரைக் கூடைக்குள் அடைப்பதற்குள் என் இரண்டு கையும் கீறிக் கிழிந்தன. பத்து நிமிட வழி. வழி முழுக்க அவள் கத்தினாள். நானும் என்னை நானே திட்டிக்கொண்டு ஓட்டினேன்.

கிளினிக்கில் பச்சைச் சோபாவில், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க ஐயா, மெதுவா எந்திரிங்க" என்றேன். அவர் ஆணியில் உட்கார்ந்ததுபோல் எழுந்தார். உள்ளேயிருந்து டாக்டரம்மா முகமூடியை இறக்கிக்கொண்டே வந்தார்.

"என்னம்மா ஆச்சு? சோபா அருமையா இருக்கே."

"அருமையா இருக்கட்டும். உள்ள ஒரு பூனைக்குட்டிய வெச்சு அடிச்சுட்டேன். என் தப்புதான்."

அவர் உடனே வாசல் கதவைச் சாத்தி, ஏசியை நிறுத்தினார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு ஆயுசுக்கும் இலவசமாகச் சோபா தைத்துத் தரலாம்.

மூவருமாகச் சோபாவைக் கவிழ்த்தோம். பின்களைப் பிடுங்கி அடித்துணியை உரித்தேன். பெரியவர் ஒரு கையில் கன்னத்தையும் மறு கையில் டார்ச்சையும் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்து, ஸ்பிரிங்குகளுக்கு இடையே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பிரிங் பக்கம் ஒன்றும் இல்லை. சத்தமும் இல்லை. கத்தினாலாவது பரவாயில்லை, இருக்கிறது என்று தெரியும். அந்த அமைதிதான் என்னைக் கொன்றது.

"கைக்குள்ள போயிருக்கு" என்றேன். "அடியிலேர்ந்து எட்டாது. வெல்வெட்ட வெட்டணும். வேற துணி கிடையாது டாக்டரம்மா, ஒட்டுப் போட்டாத் தெரியும்."

"எந்தக் கைன்னு தெரியுமா?"

"வலது. அந்தப் பக்கம்தான் சட்டம் ஒடஞ்சு பெரிய சந்து இருக்கு. இடது பக்கம் மூணு வெரல்கூட நுழையாது. நான் அடிச்ச கை, எனக்குத் தெரியாதா?"

கத்தியைச் சோபாவின் வலது கையின்மேல் வைத்தேன். கூடைக்குள் மேனேஜர் உறுமினாள். என்ன தோன்றியதோ, கத்தியை எடுத்துவிட்டுக் கூடையைத் திறந்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக இடது கைக்குப் போனாள். வெல்வெட்டில் மூக்கை வைத்து, இரண்டு முன்னங்கால்களாலும் பறண்டத் தொடங்கினாள்.

"வலதுன்னு சொன்னீங்க" என்றார் டாக்டரம்மா.

"இவ இடதுங்கறா" என்றேன். இடது கையை வெட்டினேன்.

நான் தைத்து முடித்த ஒன்றை நானே கிழித்தது அதுதான் முதல் தடவை. வெல்வெட், பஞ்சு, அட்டை என ஒவ்வொன்றாக விலக்கி இரண்டு விரலை விட்டேன். ஈரத்துணி மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. கறுப்பும் வெள்ளையுமான குட்டி, தலை தொங்க, சில்லென்று வெளியே வந்தது.

"பால் சூடு பண்ணட்டுமா?" என்றார் டாக்டரம்மா.

"வேண்டாம். பசும்பால் சேராது. அதோட, குளிர்ந்து போன குட்டி வாயில எதையும் ஊத்தக் கூடாது, தொண்டையில எறங்காது. மொதல்ல சூடு ஏறணும்." குட்டியை என் ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா வெந்நீரில் பிழிந்த துண்டை ஒரு பைக்குள் போட்டு என்மேல் அணைத்து வைத்தார். மேனேஜர் என் மடியில் ஏறி, முகத்தை என் கழுத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு என் தோலில் பட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன், அதை மறைக்கவும் இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பெரியவர் டார்ச்சை அணைக்கவே மறந்து நின்றார். அப்புறம் என் நெஞ்சில் ஓர் ஊசி குத்தியது. நகம். பிறகு இன்னொன்று. ரவிக்கைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது.

"பல்வலியே போயிடுச்சும்மா" என்றார் பெரியவர்.

குட்டியை எடுத்து மேனேஜர் முன்னால் வைத்தேன். நக்கினாள். புரட்டிப் போட்டு நக்கினாள். குட்டி குழம்பிக் குழம்பித் தேடி, கடைசியில் முலையைப் பிடித்துவிட்டது.

"இத எனக்குக் குடுத்துடறீங்களா?" என்றார் டாக்டரம்மா. "அந்தக் கிழிசல் அப்படியே ஒட்டுப் போட்டு இருக்கட்டும்."

"எட்டு வாரம் தாய்கிட்ட இருக்கணும் டாக்டரம்மா. அதுக்கப்புறம் ஊசி போட்டு, நானே கொண்டுவந்து தர்றேன். இவளுக்கும் இனிமே குட்டி போடாம ஆபரேஷன் பண்ணிடணும், மிருக டாக்டர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்."

மேனேஜர் எழுந்தாள். குட்டியைப் பிடரியில் கவ்வினாள். வாசல் கதவு பக்கம் போவாள் என்று நினைத்தேன், கதவருகே போய் நின்றுகொண்டேன். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் கீறல் வாங்கி வாங்கி எந்தக் கூடைக்குள் அடைத்தேனோ, அந்தக் கூடைக்குத் தானாக நடந்து போய், உள்ளே இறங்கி, குட்டியை அணைத்துச் சுருண்டு படுத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் குரலைக் காலையிலிருந்து கேட்டும் கேட்காதவள் நான். மூடியைக் கையில் எடுத்தேன், மூட மனம் வரவில்லை.

"மூடறேன்டி" என்று அவளிடம் சொன்னேன். "பத்து நிமிஷம்தான். மத்த நாலு பேரும் அத்தைகிட்ட பத்திரமா இருக்காங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்ட பிறகுதான் கூடையை மூடினேன்.