தந்தூரில் கேட்ட ஜெபம்

உள்நாட்டுப் போர் முடிந்த இரண்டாவது குளிர்காலத்தில், பாதிரியார் யாக்கோவ் பென்னர் மனதுக்குள் செய்த ஜெபங்கள் தூத்தக் கிராமத்துப் பெண்களின் தந்தூர் அடுப்புகளிலிருந்து கேட்கத் தொடங்கின. முதலில் கேட்டது குலந்தாம் வீட்டு அடுப்பில். அவள் பருத்திக் குச்சிகளை எரித்துத் தணலை ஓரமாகத் தள்ளிவிட்டு, தட்டிய மாவைக் கையில் ஏந்தி அடுப்புக்குள் குனிந்தபோது, உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல், "ஆண்டவரே, இந்த ஜனங்களின் இதயம் கல்லாக இருக்கிறது" என்றது. குலந்தாம் மாவை அடுப்புச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். சூடு தணிந்துவிட்டால் ரொட்டி ஒட்டாது. பிறகு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துப் பக்கத்து வீட்டு மவ்லூதாவிடம் சொன்னாள். தன் அடுப்பும் அதையேதான் சொன்னது என்றாள் மவ்லூதா. சில நாட்களில் எல்லா வீட்டு அடுப்புகளும் பேசின. அந்த வாரம் சந்தையில் மாவு விலை மறுபடியும் ஏறியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

யாக்கோவ் வடக்கே வெகுதூரத்தில் உள்ள கரகண்டா நகரத்தில் பிறந்த ஜெர்மானியர். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான கோடையில், ஒரு பெட்டி வேதப் புத்தகங்களும் தகரம் வெட்டும் கருவிகளுமாக வக்ஷ் பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். கால்வாயோரத்தில், ஓடிப்போன ஒரு குடும்பத்தின் பாதி எரிந்த வீட்டில் தங்கினார். கடவுளின் பெயரைச் சரியாக அறியாத இடத்துக்குத் தன்னைக் கடவுளே அனுப்பியிருக்கிறார் என்பது அவருடைய நம்பிக்கை. அவருடைய ஞாயிறு ஆராதனைக்கு வந்தவள் கிளாவ்தியா ஒருத்திதான். ஓய்வுபெற்ற நர்ஸ், போக்கிடம் இல்லாமல் ஊரிலேயே நின்றுவிட்ட ரஷ்யக்காரி. அவளும் இரும்பு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து பிரசங்கம் முடியும்வரை தூங்குவாள். மற்ற நாட்களில் அவர் ஊரார் வீட்டுக் கூரைகளைச் சரிசெய்தார், புகைக்குழாய் செய்து கொடுத்தார், கூலிக்குப் பதில் தேநீர் குடித்தார். எங்கள் ஊர் அவரை யாகூப் என்று கூப்பிட்டது. எங்கள் பேச்சு அவர் வாயில் கல்லும் மண்ணுமாக வரும். ஆனால் அவர் தன் அம்மாவின் ஜெர்மன் பேச்சில் மனதுக்குள் ஜெபித்ததை அடுப்புகள் எங்கள் பேச்சில், ஒரு சொல் தடுக்காமல் சொல்லின. நேரில் திக்குகிற மனிதர் அடுப்பில் இவ்வளவு அழகாகப் பேசுகிறாரே என்பதுதான் பெண்களுக்கு ஆச்சரியம்.

பேசியதெல்லாம் அழகில்லை. குலந்தாமின் தேநீர் வெந்நீர்தான் என்று ஆண்டவரிடம் சொன்னார். ஆண்கள் சினார் மரத்தடியில் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கிறார்கள் என்றார். இவர்கள் நடுவில் தன்னை எத்தனை காலம் வீணாக்குவீர் என்று கேட்டார். சில விடியற்காலைகளில் வெறும் அழுகை மட்டும் கேட்டது. மலைப்பக்கம் துப்பாக்கி வெடித்த நாளில், பயமாக இருக்கிறது, யாருக்கும் தெரியவிடாதேயும் என்றார். எல்லா வீட்டிலும் தெரிந்தது. விறகு இல்லை என்றும், பூட்ஸ் கிழிந்துவிட்டது என்றும் சொன்ன நாட்களும் உண்டு. மறுநாள் அவர் கதவைத் திறக்கும்போது வாசலில் ஒரு கட்டுப் பருத்திக் குச்சி இருக்கும், அல்லது ஒரு ஜோடி பழைய பூட்ஸ் இருக்கும். அதற்கடுத்த விடியலில் அடுப்புகள் ஆண்டவருக்கு நன்றி சொல்லும்.

"என் வீட்டுக்காரர் பூட்ஸுக்கா? குடுத்தது நான், நன்றி மட்டும் மேல போகுது" என்றாள் குலந்தாம்.

"போகட்டும் விடுடி. எல்லாம் கடைசில அங்கதானே போகணும்" என்றாள் மவ்லூதா.

வேற்று மதத்தவரின் ஜெபம் கேட்கிற அடுப்பில் சுட்ட ரொட்டியைத் தின்னலாமா என்று சிலர் போய் முல்லா நஸ்ருல்லோவைக் கேட்டார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ரொட்டி வெந்திருக்கிறதா என்று கேட்டார். வெந்திருக்கிறது என்றார்கள். அப்படியானால் தின்னுங்கள் என்று சொல்லிவிட்டார். யாக்கோவிடம் மட்டும் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. ஒரு மனிதன் படைத்தவனிடம் பேசுவதைக் கேட்டேன் என்று அவன் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

இனி மவ்லூதாவின் ரொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மகன் படைக்குப் போகும்போது தாய் ஒரு ரொட்டி சுட்டு நீட்டுவாள். அவன் ஒரு கடி கடிப்பான். மிச்சத்தைத் துணியில் கட்டிச் சுவரில் மாட்டிவிடுவார்கள். திரும்பி வந்து அதை அவன்தான் தின்று முடிக்க வேண்டும். அது சுவரில் இருக்கும்வரை அவனுக்கு வீட்டில் சோறு மிச்சம் இருக்கிறது, அதனால் வருவான். மவ்லூதாவின் ஒரே மகன் ஷெராலி போர் தொடங்கிய வசந்தத்தில் கடித்துவிட்டுப் போனான். போர் முடிந்தும் அவனைப் பற்றி உயிர்ச் செய்தியும் இல்லை, சாவுச் செய்தியும் இல்லை. அந்த ரொட்டியில் பூஞ்சை படவில்லை, எலி தொடவில்லை. மவ்லூதா அறைக்குள் போகும்போதும் வரும்போதும் அந்தத் துணியை விரல் நுனியால் தொட்டுக்கொள்வாள். மகன் செத்துவிட்டான், இறுதித் தொழுகை நடத்திவிடலாம் என்று உறவினர்கள் சொன்னபோதெல்லாம் சுவரைக் காட்டுவாள். அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் பனியாலும் சோதனைச் சாவடிகளாலும் பாதை அடைபட்டு, நிவாரண மாவு மூட்டைகள் வரவில்லை. ஊர் உலர்ந்த முசுக்கட்டைப் பழத்தை இடித்துத் தின்றது. யாக்கோவ் தன் பங்கு மாவைக் கிளாவ்தியாவிடம் கொடுத்துவிட்டார். அது அவர் செய்த நல்ல காரியம், அதையும் சொல்லியாக வேண்டும். வெறும் வயிற்றோடு மவ்லூதா வீட்டுக் கூரையில் ஏறித் தகரம் அடித்துக்கொண்டிருந்தார். பசித்த முகத்தைப் பார்த்த மவ்லூதா, குலந்தாமிடம் மாவு கடன் வாங்கி அவருக்காக இரண்டு ரொட்டி சுடலாம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனாள். அந்த நேரத்தில் அவருக்குத் தலை சுற்றியது. இறங்கி அறைக்குள் வந்தார். சுவரில் துணிக்குள் ரொட்டி தெரிந்தது. கேட்காமல் எடுப்பது தவறு என்று அவருக்குத் தெரியும். மவ்லூதா வந்ததும் சொல்லிவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவிழ்த்து மடியில் வைத்தார். நன்றி சொல்லாமல் எதையும் வாயில் வைக்காத மனிதர் ஆதலால், கண்ணை மூடினார்.

குலந்தாமின் அடுப்பில் முதல் ரொட்டி ஒட்டியிருந்தது. இரண்டாவது மவ்லூதாவின் கையில் இருந்தது. அடுப்பு சொன்னது: "ஆண்டவரே, மவ்லூதாவின் சுவரில் தொங்கிய இந்த ரொட்டிக்காக உமக்கு ஸ்தோத்திரம். யாரோ ஒரு பக்கம் கடித்திருக்கிறார்கள். அதைக் குறையாக நினைக்காமல் நீர் தந்ததாகப் பெற்றுக்கொள்கிறேன்."

எல்லா வீடுகளிலும் அது கேட்டது. குலந்தாம் ஒரு செருப்பைப் பனியில் விட்டுவிட்டு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது யாக்கோவ் விரலை நனைத்துத் துணியில் ஒட்டியிருந்த துணுக்குகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்கண்ணே. அது ரொட்டியா? அது அவ மகன்" என்றாள் அவள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் புரியவைத்தாள். புரியவைக்கிற கோபத்தில், இத்தனை நாள் ஊர் மூடிவைத்திருந்ததும் வெளியே வந்துவிட்டது. "நீங்க உள்ளுக்குள்ள முனகுறதெல்லாம் எங்க அடுப்புல கேட்குது. என் தேத்தண்ணி வெந்நீராம். எங்க மனசு கல்லாம். அந்தக் கல்லுதான் உங்க வாசல்ல விறகு வச்சிச்சு. கால்ல கிடக்கே பூட்ஸ், அது வானத்துலேருந்து விழுந்துச்சுன்னா நினைச்சீங்க?"

யாக்கோவ் தன் காலைப் பார்த்தார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எதை எதை ஜெபித்தோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, அவர் முகமும் கழுத்தும் காதும் சிவந்தன. அப்போது மவ்லூதா மடியில் சூடான ரொட்டியோடு வந்தாள். வெறும் ஆணியைப் பார்த்தாள். துணியை எடுத்து உதறாமல் அப்படியே மடித்து வைத்தாள். பிறகு ரொட்டியை அவர் முன்னால் வைத்து, "சாப்பிடு தம்பி. கூரைல ஏறி இறங்கின களைப்பு" என்றாள். விருந்தாளி என்ன தின்றான் என்று வீட்டுக்காரி கேட்கக்கூடாது. அவள் கேட்கவில்லை. அவள் வைதிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அந்த ரொட்டியைத் தாங்க முடியாமல் எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவரால் ஜெபிக்க முடியவில்லை. முழங்காலில் நின்று வாயையும் மனதையும் இறுக மூடிக்கொள்வார். விடியற்காலையில் அடுப்புகளில் ஒரு மனிதன் தொண்டையைச் செருமுவதும் எச்சில் விழுங்குவதும் மட்டும் கேட்டன. அந்த நாட்களில் ரொட்டிகள் சரியாக ஒட்டாமல் சாம்பலில் விழுந்தன. அது மாவின் குற்றமாகவும் இருக்கலாம். மவ்லூதா வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. தொழுகை நடத்த உறவினர்கள் நாள் குறிக்கலாமா என்று வந்து கேட்டார்கள். காட்டுவதற்கு அவளிடம் சுவரில் ஒன்றும் இல்லை.

பாதை திறந்ததும் யாக்கோவ் பையைக் கட்டினார். பேருந்து வருவதற்குமுன் மவ்லூதாவின் முற்றத்துக்குப் போய் நின்றார். உறவினர்கள் விரிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். குலந்தாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா. நான் தப்பு. பெரிய தப்பு. மன்னிங்க. நான் போறேன்" என்றார் தன் உடைந்த பேச்சில்.

"எங்க போற?"

"ஊர். கரகண்டா."

மவ்லூதா அவர் கையிலிருந்த பையைப் பார்த்தாள். "என் பிள்ளை கடிச்ச ரொட்டி எங்க இருக்கு?"

அவர் வெறும் ஆணி இருந்த அறைப் பக்கம் திரும்பினார்.

"உன் வயித்துல இருக்கு. அதைத் தூக்கிக்கிட்டுக் கரகண்டா போறேங்கிற. நாளைக்கு அவன் வந்து, அம்மா, என் ரொட்டி எங்கன்னு கேட்டா நான் பேருந்து ஏறி வந்து உன்னைத் தேடவா?" அவள் உறவினர்கள் பக்கம் திரும்பினாள். "தொழுகையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரொட்டி இருக்கு. இதோ நிக்குது." பிறகு அவரிடம், "பையைக் கீழ வை" என்றாள்.

"கேட்டீங்களாண்ணே, நீங்க இப்பச் சுவரு" என்றாள் குலந்தாம். "சுவரு எங்கயாவது பேருந்து ஏறுமா?"

விரிப்பில் ஒருவர் சிரித்துவிட்டு இருமினார். யாக்கோவ் பையைக் கீழே வைத்தார். எந்தச் சபையும் அவரை இவ்வளவு உறுதியாக ஓர் இடத்தில் நிறுத்தியதில்லை.

மறுநாள் விடியலில் அடுப்புகள் மறுபடி பேசின. யார் யார் கேட்கிறார்கள் என்று தெரிந்து ஜெபிப்பது, பேசப்படுகிறவர்களின் முன்னாலேயே அவர்களைப் பற்றிப் பேசுவது போல. அவர் ஜெபம் சுருங்கிப் போயிற்று. "ஷெராலியை நினைத்தருளும்" என்றார். வெகுநேரம் கழித்து, "என்னையும்" என்றார். பல மாதங்கள் அவ்வளவுதான். பிறகு ஒருநாள் குலந்தாம் அவரை வழிமறித்து, போரில் காணாமல்போன தன் தம்பியின் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள். குலந்தாம் கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண். அவள் தம்பி எதிர்ப்படையில் இருந்தவன். ஷெராலி சுடப்பட்டிருந்தால் அந்தத் துப்பாக்கி அவன் கையில் இருந்திருக்கலாம். யாக்கோவ் போய் மவ்லூதாவைக் கேட்டார். அவள் மறுநாள் மதிலுக்கு மேல் குலந்தாமிடம் மாவுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சொல்லட்டும். உங்க அம்மாவும் மாவு பிசைஞ்சுதானே அனுப்பியிருப்பா" என்றாள். பெரிய சமாதான ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர்களை நாங்கள் பார்த்ததில்லை. இதைப் பார்த்தோம்.

வருடங்கள் போயின. யாக்கோவ் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. தலை நரைத்தது, பேச்சு திருந்தியது, கூரைகள் ஒழுகவில்லை. கிளாவ்தியா இறந்தபோது அவர் தனியாகப் பாடி அடக்கம் செய்தார். குழி வெட்டியவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள். ஷெராலி வரவில்லை.

ஓர் இலையுதிர்காலத்தில் யாக்கோவ் காய்ச்சலில் படுத்தார். அடுப்புகளில் பெயர்கள் கேட்காமல் நின்றன. மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் அவருடைய இரும்பு அடுப்புக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்தார். பிறகு குரல் அடையாளம் தெரிந்தது. மவ்லூதா தொழுகை முடித்துக் கையேந்தியிருந்தாள்.

"இறைவா, அந்த மனுசனை எழுப்பி விடு. என் பிள்ளை ரொட்டிக்காக மட்டும் கேக்கல. அவனுக்காகவும்தான் கேக்குறேன். என் பிள்ளை வந்தா அவன்மேல கோவப்படாம இருக்கச் செய். உன்னை எங்களுக்குக் காட்டித் தரத்தான் அவன் அவ்வளவு தூரத்துலேருந்து வந்தானாம். நீ முன்னாடியே இங்கதான் இருக்கேன்னு அவன்கிட்டச் சொல்லிடாத. பாவம், மனசு ஒடிஞ்சு போயிருவான்."

யாக்கோவ் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். வெட்கம் பழகிய ஆள் போல வந்து அவரைத் தொட்டது. இந்த முறை அது சுடவில்லை.

காலையில் அவள் ஒரு சட்டியில் பருப்பு சூப் கொண்டுவந்தாள்.

"காய்ச்சல் எப்படித் தம்பி இருக்கு?"

"குறைஞ்சிருச்சுக்கா."

அவர் முழுச் சட்டியையும் குடித்து முடிக்கும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவருடைய இரும்பு அடுப்பு பெரும்பாலான நாட்களில் பேசியது. சில நாள் குலந்தாம், சில நாள் முல்லா நஸ்ருல்லோ, பெரும்பாலும் மவ்லூதா. அவர் அதன்மேல் கெண்டியை வைத்துத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவிட்டார்.