நாலு பேர் போதும்

விடியும்போதே மெய்ரிக் கூரைக்கல் குவாரியின் பாறை முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். தொடையில் சுற்றிய கயிறுதான் பிடிமானம். நவம்பர் மழை சட்டைக்குள் இறங்கி முதுகை விறைக்க வைத்தது. மாதாமாதம் எந்தக் குழுவுக்கு எந்தப் பாறை என்று குவாரித் துரைதான் பங்கு போடுவார். பல்லைக் காட்டாத குழுவுக்கு நொறுங்கல் பாறை. மூன்று மாதமாக இவர்களுக்கு அதுதான் விழுந்தது. நொறுங்கல் பாறையில் கூரைக்கல் எங்கே தகடாக உரியும்? கூலி பாதியாகிவிட்டது.

கீழே அக்கா புருஷன் கராடாக் கல் பிளந்துகொண்டிருந்தான். மேலிருந்து பலகைக்கல் ஒன்று சத்தமில்லாமல் கழன்று வந்தது. மெய்ரிக் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குவாரியில் ஒருவன் செத்தால் அத்தனை பேரும் உளியைப் போட்டுவிட்டு உடலின் பின்னால் ஊருக்கு இறங்குவார்கள். தாத்தன் காலத்து வழக்கம். பழைய கோட்டைச் சுவரோரம் குடியிருக்கும் பெண்கள், பகலில் உளிச்சத்தம் நின்றாலே வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

துரை குடையோடு வந்தார்.

"தூக்க நாலு பேர் போதும். மத்தவங்க வேலையப் பாருங்க."

"சாவுக்கு வேலைய நிறுத்துறது எங்க வழக்கம், துரை," என்றான் கல் சீவும் இத்தெல்.

"கூரைக்கல் கேக்கறவன் உங்க வழக்கத்துக்காகக் காத்திருப்பானா? இறங்கிப் போறவனுக்கு அடுத்த மாசம் பாறை கிடையாது."

"இப்ப குடுத்திருக்கிறதுக்குப் பேரு பாறையா?" என்றான் இத்தெல்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள். யாரைக் குறை சொல்வது?

மெய்ரிக்கோடு சேர்த்து நாலு பேர், கராடாக்கைக் கிடத்திய பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முதுகுக்குப் பின்னால் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைப்போல ஓர் அவமானம் மெய்ரிக் பட்டதில்லை. ஊரில் ஒரு கதவும் திறக்கவில்லை. சத்தம் கேட்கிறவரை எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அக்கா நெஸ்ட் உள்ளே நிம்மதியாகத் துணி பிழிந்துகொண்டிருப்பாள். அவளிடம் எந்த வாயால் சொல்வது? தெருமுனையில் நின்றுவிட்டான்.

அப்போது காது அடைத்ததுபோல் இருந்தது. உளிச்சத்தம் நின்றிருந்தது.

கதவுகள் திறந்தன. நெஸ்ட் ஈரக்கையோடு வெளியே வந்தாள். பலகையில் கிடந்தவன் முகத்தை மூடியிருந்த சட்டை யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் உட்கார்ந்த இடத்தில் மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள்.

மலைப்பாதையில் முந்நூறு பேர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மழையில் இறங்கி வந்தார்கள். முன்னால் இத்தெல்.

"அண்ணே, துரை உங்களுக்கெல்லாம் பாறை குடுக்க மாட்டானே," என்றான் மெய்ரிக்.

"மாட்டான்தான். பனிக்காலம் முழுக்கப் பட்டினின்னு தெரிஞ்சுதான் வந்திருக்கோம். அவனே வந்து கயித்துல தொங்கிக் கல்லு வெட்டட்டும்." இத்தெல் பலகையின் கீழே தோளைக் கொடுத்தான். "தள்ளிக்க தம்பி. நீ போய் அக்காகிட்ட உக்காரு."