பாதித் தளம்

நீலாவதி கணவனின் கால்விரல் இடுக்கில் காய்ந்திருந்த சிமெண்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, எதிரே கலவை மிஷினின் சத்தம் நின்றது. அவள் கையும் நின்றது.

எதிரேதான் ஆஸ்பத்திரிக் கட்டடம். மரமும் தகரமுமாக இருந்த அந்தமானின் ரங்கத் ஊரில், இந்த மழைக்குக் காங்கிரீட் தளம் போட்டால் ஒழுகும் என்று போர்ட் பிளேர் காண்ட்ராக்டர்களெல்லாம் கழன்றுகொண்ட வேலை. அவள் கணவர் ஜம்புலிங்கம் துணிந்து எடுத்தார். காலையில் தளத்தின் மேல் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

“மிஷின யாரு நிறுத்துனது?”

“நான்தான் அண்ணி,” என்றான் கொழுந்தன் சிவஞானம். “பொணத்த வெச்சுக்கிட்டு வேலை பாத்தா ஊரு காறித் துப்பும்.”

“பாதியில நிறுத்துனா ஒட்டு விழும் தம்பி. அது வழியாத் தண்ணி எறங்கும். ஒழுகும்னு சொன்னவனுங்க வாய்க்கு நாமளே அவல் போடணுமா?”

பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உதறிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

ஆட்கள் சட்டிகளைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மிஸ்திரி பக்தவத்சலம் எழுந்தார்.

“பாபிஜி, ஆஜ் ரஹ்னே தோ. இன்னிக்கு வேணாம், நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“நாளைக்கு அந்த ஓரம் இறுகிப்போயிரும். ஒங்க சேட்டு எந்த வேலையையாவது பாதியில விட்டுட்டுப் போயிருக்காரா? முடிங்க. அதுக்கப்புறம் தூக்கலாம்.”

சொல்லிவிட்டு ஒரு சட்டியை நிமிர்த்தி ஏணியடியில் போய் நின்றாள். மிஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சலோ பாய்,” என்றார். மிஷின் மறுபடி உறுமியது.

தளம் போடும் நாளில் எல்லாருக்கும் சோறு போடுவது ஜம்புலிங்கத்தின் வழக்கம். சாவு வீட்டில் அடுப்பு எரியாதே என்று கடைக்காரர் நூர்முகம்மது தன் வீட்டில் பெரிய உலை வைத்தார். சிவஞானம் முறைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் புகுந்தான். கருத்து வந்த மேகம்கூட அன்றைக்கு மரியாதை தெரிந்து ஒதுங்கிப் போனது.

பொழுது சாய்வதற்குள் தளம் முடிந்தது. சிமெண்ட் காயாத தோள்களே பாடையைத் தூக்கின. அங்கே பறையடிக்க ஆள் கிடையாது. வங்காளியும் தெலுங்கனும் தமிழனும் கரண்டியால் கலவைச் சட்டிகளைத் தட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். ரங்கத்தில் எந்த அதிகாரிக்கும் அப்படியொரு ஊர்வலம் கிடைத்ததில்லை. வாசலில் நின்று பார்த்த நீலாவதிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுகையோடு பெருமையும் தாங்க முடியாமல் வந்தது.

கருமாதியன்று காலையில் சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்தார்கள். மத்தியானம் மழை கொட்டியது. சடங்கு முடித்து மொட்டைத் தலையோடு வந்த சிவஞானம், வேலை நின்றுபோன அந்த இடத்துக்கு நேர் கீழே அண்ணாந்து நின்றான். உள்ளங்கையை விரித்து நெடுநேரம் வைத்திருந்தான்.

பின்னாலேயே வந்த நீலாவதி, ஒரு சொட்டுகூட விழாத அவன் கையைப் பார்த்தாள். பிறகு குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.